இறாலுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக் குழம்புக் கரண்டியில் அடிபட்டு நசுங்கிய ஒரு சொட்டை இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கரண்டியால் பரிமாறினால் முதலில் சொட்டையைப் பார்ப்பார்கள், அடுத்து என் வீட்டுக்காரரின் தலையைப் பார்ப்பார்கள். நானும் மறுப்பதில்லை. ஒரு இறால் அடித்த அடி என்றால் நம்பவா போகிறார்கள்? கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்தத் தலைக்கு அந்த அடி பலமுறை நியாயமாகச் சேர வேண்டியதுதான். ஆனால் அடித்தது இறால்தான், வாங்கியது கரண்டிதான். அடிக்க வைத்தது நான்.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வேலை செய்கிறேன். கார் கதவுக்குப் போகும் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் பார்ட்டுகள் வரிசையாக வரும். வெள்ளை லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்து, கீறல், புள்ளி, தூசி எது இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாஸ். பதினோரு வருடமாக இதே டேபிள். வீட்டிலும் நான் அதே வேலையைத்தான் பார்க்கிறேன் என்பது என் வீட்டுக்காரரின் புகார். அவர் வல்லம் வடகாலில் வேறொரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ். எங்கள் பையன் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருக்கிறான், அதனால் வீட்டில் குறை கண்டுபிடிக்க எனக்கு அவர் ஒருவர்தான் மிச்சம்.

குறைக்கும் பஞ்சமில்லை. அவர் குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைப்பானேன், மொடாக் குடி. கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒயின்ஷாப். எட்டு நிமிட நடையை அவர் மூன்று மணி நேரம் நடப்பார். போன பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பாத்ரூமில் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி வந்தால் திரும்பக் கூட்டிக்கொண்டு போவது கஷ்டம் என்றார். அன்றிலிருந்து நிறுத்தினார்.

கவுன்சிலிங் கொடுத்த டாக்டரம்மா நல்ல மாதிரி. "சாயங்காலம் ஆறுலேருந்து ஒம்போது வரைக்கும்தான் ஆபத்து. அந்த நேரத்துல கைக்கு வேலை குடுங்க. வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கணும்," என்றார்.

"நான் இருக்கேனே மேடம்," என்றேன்.

டாக்டரம்மா மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

அவர் காரணம் தேடிக்கொண்டிருக்கட்டும் என்று நான் என் பாணியில் ஒரு ஏற்பாடு செய்தேன். தினமும் சாயங்காலம் வாசலில் நிறுத்தி, "ஊது," என்பேன். ஊதுவார். மூக்கை வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் இல்லையென்றால் "பாஸ்" என்பேன், உள்ளே விடுவேன். முதல் மாதம் இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் சிரிப்பது நின்றுவிட்டது. நான் மோந்து பார்ப்பது நிற்கவில்லை. என்னைக் கேட்டால் அதில் தப்பே தெரியவில்லை, செக் பண்ணாமல் எதையும் விட்டுப் பழக்கமில்லை.

மற்ற ஆம்பிளைகளாக இருந்தால் கேரம் ஆடுவார்கள், மாடியில் கத்தரிக்காய் போடுவார்கள், ரொம்பப் போனால் தங்கமீன் வளர்ப்பார்கள். என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் என்ற சொல்லே தெரியாது, அதுதான் அவர் வியாதி. போனில் ஒரு வீடியோ பார்த்தார். உள்ளங்கை நீளத்தில் ஒரு இறால், கும்பிடுபூச்சி மாதிரி முன்னங்கால்களை மடித்து வைத்துக்கொண்டு பரம சாதுவாக நிற்கிறது. ஒரு நத்தை பக்கத்தில் வந்தது. அந்தக் கால் விரிந்ததுகூடத் தெரியவில்லை, நத்தை ஓடு தூள். மேன்டிஸ் ஷ்ரிம்ப்பாம். அந்த வீடியோவை எனக்கு நாற்பது தடவையாவது போட்டுக் காட்டியிருப்பார்.

"பாத்தியா, இன்னா அடி!"

"நீ குடிச்சுட்டு வந்த அன்னிக்கு நான் வுட்டத எவனாவது வீடியோ எடுத்திருந்தா இத்தவிட சூப்பரா இருந்திருக்கும்," என்றேன்.

கடலோரத்தில் இது வலையில் மாட்டினால் சனியன் என்று உதறிவிடுவார்கள் என்று மீன்கார அம்மா சொன்னாள். தூக்கிப் போடுகிற சரக்கை ஹாலில் லைட் போட்டு வைக்கிற முதல் குடும்பம் இந்த ரோட்டிலேயே எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

முதலில் டேங்க். எல்லா வீடியோவிலும் அக்ரிலிக் டேங்க் வாங்கு, கண்ணாடி வேண்டாம், இது அடித்தால் கண்ணாடி தாங்காது என்று படித்துப் படித்துச் சொன்னார்களாம். நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். அக்ரிலிக் கீறும். துணியால் துடைத்தாலே கீறும். பகல் முழுக்கக் கம்பெனியில் கீறலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் ஹால் நடுவில் மூன்றடி நீளத்துக்குக் கீறலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிதான் வந்தது. அது மண்ணைத் தோண்டி அடியில் அடித்தாலும் அடிக்கும் என்று அடித்தளத்துக்கு மட்டும் அவர் ஒரு அக்ரிலிக் ஷீட்டை வெட்டிப் போட்டு, மேலே மணலைக் கொட்டினார்.

அடுத்தது தண்ணீர். எங்கள் ஏரியாவில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்க, சமைக்க எல்லாமே கேன் தண்ணீர்தான். அந்தக் கேனைத் தோளில் வைத்து ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றி, டிரம்மில் ஊற்றி, அந்த நல்ல தண்ணீரில் என் வீட்டுக்காரர் உப்பைக் கொட்டினார். கீழ் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அக்கா படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா இது? உப்புத் தண்ணி வோணும்னா மோட்டார போட்டா கீழயே வருது. இவரு இன்னாத்துக்கு கேன் கேனா தூக்கினு ஏறிகினு கீறாரு?"

"அது வேற உப்புக்கா."

"உப்புல இன்னா வேற உப்பு?"

"கடல் உப்பாம்."

"அப்ப நாம சோத்துல போடறது இன்னா, காட்டு உப்பா?"

என் வீட்டுக்காரரிடம் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார் என்பதால் அதை அவரிடம் கேட்கவில்லை. அவர் கண்ணில் ஒரு கருவியை வைத்து உப்பு பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் மிஷின் கூலன்ட்டைச் சோதிக்கும் கருவி மாதிரியே இருந்தது. ஒரு சொட்டு தண்ணீரைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ரொம்ப வருடம் கழித்து அவர் கை நடுங்காமல் எதையோ பிடித்திருப்பதைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. சொல்லவில்லை, சொன்னால் இன்னும் நாலு டேங்க் வாங்கிவிடுவார்.

அப்புறம்தான் இருக்கிறது வேடிக்கை. தண்ணீர் ஊற்றியாயிற்று, மணல் போட்டாயிற்று, கல் அடுக்கியாயிற்று, லைட்டும் போட்டாயிற்று. இறால் எங்கே என்றால், ஒரு மாதம் ஆகும் என்றார். தண்ணீரில் நல்ல பாக்டீரியா வளர வேண்டுமாம். அது வளர ஏதாவது அழுக வேண்டுமாம். மார்க்கெட்டில் வாங்கிய ஒரு செத்த இறாலை அதில் போட்டு அழுக விட்டார். குழம்பு வைக்க வேண்டிய இறால் ஹாலில் லைட் வெளிச்சத்தில் அழுகுவதை நான் தினமும் சாப்பிடும்போது பார்த்தேன். மணிமங்கலத்திலிருந்து என் நாத்தனார் வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு டேங்க்கைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மீனு எங்கண்ணா?"

"இன்னும் வரல. இப்ப பாக்டீரியா வளருது."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். தனியாகச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "அண்ணன் நெஜமாவே நிறுத்திட்டாரா அண்ணி?" என்று கேட்டாள்.

அந்த ஒரு மாதமும் என் வீட்டுக்காரர் சாயங்காலம் நேராக வீட்டுக்கு வந்தார். டேங்க் பக்கத்தில் ஒரு செக் ஷீட் தொங்கவிட்டிருந்தார். கம்பெனியில் மிஷினில் தொங்குமே, அதே மாதிரி கட்டம் போட்டது. தேதி, சூடு, உப்பு, பம்ப் ஓடுகிறதா, கையெழுத்து. கீழே தடித்த எழுத்தில்: சோப்பு படக்கூடாது, செம்பு படக்கூடாது, வெறும் கை விடக்கூடாது. மேல் சட்டம் முழுக்க லேபிள் ஒட்டினார். "இது ஆடிட்டுக்கா?" என்று கேட்டேன். "ஆமா, நீதான் ஆடிட்டரு," என்றார்.

மாதம் முடிந்து, வளர்ப்பு மீன் கடைகள் இருக்கும் கொளத்தூர் போய் இறாலை வாங்கிவந்தார். பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று கோயில் கோபுரத்துக்கு அடித்த பெயின்ட்டில் மிச்சத்தை எல்லாம் இதன் மேல் அடித்த மாதிரி இருந்தது. கண்கள் இரண்டும் காம்பு மேல் நின்று, ஒன்று மேலே பார்த்தால் ஒன்று கீழே பார்த்தது. நமக்குத் தெரியாத கலர் எல்லாம் அந்தக் கண்ணுக்குத் தெரியுமாம். உள்ளே விட்ட அன்றைக்கே அது என்னை மேலும் கீழும் பார்த்தது. பதினோரு வருடம் நான் பார்ட்டைப் பார்க்கிற பார்வை. பிடிக்கவில்லை எனக்கு.

அதற்கு வீடு ஒரு பிவிசி பைப் துண்டு. முன் கண்ணாடிக்கு ஒட்டி, மணலில் பாதி புதைத்து வைத்தார். பைப் வாயில் தலையை நீட்டிக்கொண்டு நாள் முழுக்க ஹாலை வேடிக்கை பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கினால் முதல் நண்டு அதற்கு, மிச்சம்தான் எங்களுக்கு. கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடும் டேபிள் ஃபேன் டேங்க்கைப் பார்த்துத் திரும்பும், தண்ணீர் சூடாகக் கூடாதாம். நான் வேர்வையில் குளித்துக்கொண்டு படுத்திருப்பேன். தாலி கட்டிய எனக்கு ஒரு நாள் விசிறியிருப்பாரா இந்த மனுஷன் என்று வயிறு எரியும்.

ஆனால் ஏழு மணி என்று ஒன்று இருந்தது. ஏழு மணிக்கு அதற்குச் சாப்பாடு. நீளக் குறட்டில் நண்டுக்காலைப் பிடித்து நீட்டுவார். டக்கென்று ஒரு சத்தம் வரும், ஓடு உடையும், அவர் குழந்தை மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஏழு மணிக்காக ஒயின்ஷாப்பைத் தாண்டி வந்தார், தினமும். நான் பத்தொன்பது வருடம் கத்தி, அழுது, வாலாஜாபாத்தில் தாய் வீட்டுக்கு மூன்று தடவை போய்த் திரும்பி வந்து சாதிக்காததை ஒரு இறால் சாதித்தது. பொறாமையாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது. இது ஒரு நாள் செத்தால் என்ன ஆகும்? அவர் டேங்க்கைப் பார்த்துப் படுப்பார், நான் பம்ப் சத்தத்தைக் கேட்டுப் படுப்பேன். பம்ப் நின்றால் அவரும் நின்றுவிடுவார் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

இந்தப் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் கம்பெனி கம்பெனியாகப் பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய். கோடிக்கணக்கில் விலை போட்டு ஜெர்மனியிலிருந்து வந்த ரோபோவுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். பூஜை முடிந்ததும் மேனேஜர் ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார். அதோடு முடியாது. மெயின்டெனன்ஸ் ஆட்கள் மொத்தமாக வண்டியில் கிளம்பிப் போவார்கள். எங்கே என்று சொல்லவேண்டியதில்லை. வருடத்தில் எந்த நாள் தப்பினாலும் என் வீட்டுக்காரர் ஆயுத பூஜை அன்று தப்பியதில்லை. ஒரு வருடம் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, கையில் ஸ்வீட் பாக்ஸோடு வாசலில் கிடத்திவிட்டுப் போனார்கள்.

என் கம்பெனியில் முந்தின நாளே பூஜை முடிந்து அன்று எனக்கு லீவு. அவர் கம்பெனியில் அன்று காலையில் பூஜை, மதியத்தோடு விட்டுவிடுவார்கள். கிளம்பும்போது, "மூணு மணிக்கு வூட்ல இருப்பேன்," என்றார். போன வருடமும் அதையேதான் சொன்னார்.

அன்று வீடு துடைத்தேன். மனசு கிடந்து அடித்துக்கொண்டது, அதனால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். மிக்சிக்குப் பொட்டு வைத்தேன், கிரைண்டருக்கு வைத்தேன், தையல் மிஷினுக்கு, இன்வெர்ட்டருக்கு, கேஸ் அடுப்புக்கு, அரிவாள்மனைக்கு எல்லாம் வைத்தேன். டேங்க் முன்னால் வந்து நின்றேன். இதுவரை அதற்கு நான் ஒன்றுமே செய்ததில்லை. அன்றைக்கு என்னவோ, "இன்னிக்கும் அவர எப்படியாச்சும் இஸ்துகினு வந்துடு," என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். சரஸ்வதி படத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதை இறாலைப் பார்த்துக் கேட்டேன்.

மேல் சட்டத்தில் பொட்டு வைக்க இடமில்லை, எல்லாம் அவர் ஒட்டிய லேபிள். கீழே பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பைப் வாயில் அது தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அது அதன் வாசல்தானே, நிலைப்படிக்கு வைக்கிற மாதிரி வைப்போம் என்று, அதன் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் சந்தனம் தொட்டு, நடுவில் நல்ல சிவப்பாகக் குங்குமம் வைத்தேன். பெரிய பொட்டாகவே வைத்தேன்.

இரண்டு கண்ணும் பொட்டின் மேல் வந்து நின்றன. டக்.

நான் சிரித்துவிட்டேன். பரவாயில்லையே, பதில் சொல்கிறதே என்று நினைத்தேன். சுண்டல் அடுப்பில் இருந்தது, உள்ளே போனேன். டக். தாளித்தேன். டக், டக். ஏதோ விளையாடுகிறது என்றிருந்தேன். இப்படி யோசித்தவள் ஒரு இன்ஸ்பெக்டர். என் டேபிளில் ஒரு பார்ட்டிலிருந்து இப்படிச் சத்தம் வந்திருந்தால் லைனையே நிறுத்தியிருப்பேன்.

சுண்டலை எடுத்துக்கொண்டு வந்து படையல் வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பொட்டின் ஓரத்திலிருந்து மேலே ஒரு கோடு. முடி மாதிரி. கீறலா, விரிசலா என்று வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்க்க எனக்கு ஒரு நொடிதான் ஆனது. கீறல் வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரியும், விரிசல் மினுக்கும். இது மினுக்கியது. அதன் நுனியில் ஒரு சொட்டு தண்ணீர் வந்து நின்றது.

கண்ணாடிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். பொட்டு வைத்தவள் நான். மணி இரண்டரை. இன்னும் அரை மணியில் அவர் வருவார், வருடத்திலேயே மோசமான அந்த நாளில். வந்து பார்த்தால் டேங்க் உடைந்து, இறால் தரையில் செத்துக் கிடக்கும். அப்படியே திரும்பி நடப்பார். எட்டு நிமிடம்கூட ஆகாது, அந்தக் கடை. பெரிய டாக்டர் சொன்னது காதில் கேட்டது. போன் பண்ணலாமா என்று எடுத்தேன். சொன்னால் மட்டும் வருவாரா, சொன்ன இடத்திலிருந்தே அவர்களோடு போய்விடுவாரா? போனைக் கீழே வைத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினேன்.

"அக்கா! ஏதாச்சும் பெரிய பிளாஸ்டிக் டப் இருந்தா எடுத்துகினு வாக்கா!"

"துணி டப்பு கீது, எடுத்தாரவா?"

"சோப்பு பட்டா செத்துடும். சோப்பே படாதது!"

அக்கா விசேஷத்துக்கு மாவு கரைக்கும் பெரிய வெள்ளை டப்பைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறிவந்தார். "இன்னாம்மா, மேல தண்ணி லாரி கவுந்துச்சா? என் ஹாலு சுவத்துல எறங்குது," என்றார். அதற்குள் தரை நனைந்துவிட்டது. ஒரு பழைய ஹோஸ் பைப்பை டேங்க்கில் விட்டு வாயால் உறிஞ்சினேன். மெதுவாக உறிஞ்ச வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாய் நிறைய வந்தது. இரண்டு மாதமாக அது சாப்பிட்டு, மற்றதும் செய்த தண்ணீர். பாதி துப்பினேன், பாதி இறங்கிவிட்டது. மூக்கில் ஏறி, தலையில் கொட்டி, ஜாக்கெட் வரைக்கும் நனைந்து நின்றேன். தண்ணீர் மட்டும் டப்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்த எப்டி எடுப்ப? கைய வெட்டிடும்னு உன் வூட்டுக்காரரு சொன்னாரே," என்றார் அக்கா.

கம்பெனியில் கொடுத்த தடித்த கிளவுஸை ஒரு கையில் மாட்டினேன். பைப்பின் பின்பக்கத்தை அந்தக் கையால் அடைத்தேன். முன்பக்கத்துக்கு ஏதாவது மூடி வேண்டும். அக்கா சமையல்கட்டில் கைக்குக் கிடைத்ததை எடுத்து நீட்டினார். யாரோ மொய்யாக வைத்த மெல்லிசு எவர்சில்வர் குழம்புக் கரண்டி. குழியைக் கவிழ்த்து பைப் வாயை மூடி, அப்படியே பைப்போடு தூக்கினேன். உள்ளேயிருந்து ஒரு அடி விழுந்தது பாருங்கள், தோள்பட்டை வரைக்கும் அதிர்ந்தது. "ஐயோ" என்று கத்தினேன், விடவில்லை. இன்னொரு அடி. "அட சனியனே, உன்ன காப்பாத்தத்தான்டா!" என்று திட்டிக்கொண்டே டப்பில் இறக்கினேன். கரண்டியைத் திருப்பிப் பார்த்தால் சொட்டை.

பம்ப்பை டப்பில் போட்டேன். கற்களை எடுத்து அடுக்கினேன். டேங்க்கில் மிச்சத் தண்ணீரை மொண்டு கேன்களில் ஊற்றும்போது கண்ணாடி நெடுக விரிந்து, கடைசியாக ஒரு குடம் தண்ணீர் மணலோடு ஹாலில் பரவியது. அக்காவும் நானும் துடைப்பத்தோடு தள்ளினோம். உப்பு பார்க்கும் கருவியை ஒரு கண்ணில் வைத்து, அவர் பார்க்கிற மாதிரியே பார்த்து, செக் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் முடிந்தபோது மணி ஐந்து.

அவர் வரவில்லை.

போன் பண்ணினேன், சுவிட்ச் ஆஃப். ஐந்தரைக்கும் சுவிட்ச் ஆஃப். ஆறு மணிக்கு அக்கா கீழே போய்விட்டார், போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனார். ஈரத் துணியைக்கூட மாற்றாமல் டப்பின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு ஆனது. அவருக்காகக் காத்திருக்காமல் நானே குறட்டில் நண்டுக்காலைப் பிடித்து நீட்டினேன். டக். சாப்பிட்டது. அதன் ஆபீஸ் டைம் தவறவில்லை. இவ்வளவும் செய்து இறாலைக் காப்பாற்றிவிட்டேன், எவனைக் காப்பாற்ற இதைக் காப்பாற்றினேனோ அவன் போய்விட்டான் என்று நினைத்தேன்.

ஏழே முக்காலுக்குப் படியில் ஷூ சத்தம். ஒரு ஆள்தான். நடை தடுமாறவில்லை, ஆனால் ரொம்ப மெதுவாக வந்தது.

வாசலில் நின்றார். கையில் ஸ்வீட் பாக்ஸ், நெற்றியில் காய்ந்த சந்தனம். உடைந்த டேங்க்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செத்துடுச்சா?"

"இல்ல. டப்புல கீது. பம்ப்பு ஓடுது. ஏழு மணிக்கு நானே போட்டேன், துன்னுச்சு. ஷீட்ல எழுதிகீறேன்."

ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து டப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார். பைப் வாயிலிருந்து இரண்டு கண்களும் எழும்பி அவரைப் பார்த்தன. "இன்னா ஆச்சு?" என்றார். பொட்டு வைத்ததைச் சொன்னேன். அதன் வாசல் என்று நினைத்து வைத்தேன் என்றேன். கத்துவார் என்று பார்த்தேன். செக் ஷீட்டை எட்டி எடுத்து என் கையெழுத்தைப் பார்த்தார்.

"இதுக்குப் பொட்டு வெச்சியா நீ?" என்றார் கடைசியாக.

"நீ எங்கய்யா போன?"

"எங்கயும் போல. பூஜ முடிஞ்சதும் வண்டில ஏறு ஏறுன்னானுங்க. கரன்ட் பேனல் ரூம்ல பூந்து கதவ சாத்திகினேன். போன் மேல போன், ஆஃப் பண்ணிட்டேன். எல்லாரும் போனப்புறம் வெளிய வந்தா பஸ் இல்ல. எந்த வண்டில ஏறுனாலும் எவனாச்சும் தெரிஞ்சவன் நிறுத்துவான். அதான் நடந்தே வந்தேன்."

பஸ்ஸிலேயே அரை மணி ஆகும் வல்லம் வடகாலிலிருந்து நடந்து வந்தேன் என்கிறார். ஷூவைப் பார்த்தேன், தூசி. இந்தப் பக்கத்தில் எவன் ஷூவில்தான் தூசி இல்லை? இந்தக் கதை நிஜமாக இருக்கலாம். கடையிலிருந்து நேராக வருகிறவனும் இதே கதையைச் சொல்லலாம். பத்தொன்பது வருடத்தில் இதைவிட நல்ல கதைகளை இதே வாசலில் நின்று சொன்னவர்தான்.

நான் கேட்கவில்லை. அவரே எழுந்து வந்தார். குனிந்து, என் முகத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து ஊதினார்.

மூச்சை இழுத்தேன். உப்பு. என் முடியில் உப்பு, மூக்கில் உப்பு, தொண்டையில் நான் விழுங்கிய தண்ணீர், துணி முழுக்க அழுகல் நாற்றம். இன்னொரு தடவை இழுத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. இவர் வாயில் சாராய ஆலையே இருந்தாலும் எனக்குத் தெரியாது.

"இன்னா?" என்றார்.

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை மாதமாக நான் அவர் வாயைத்தான் பார்த்திருக்கிறேன். முகத்தில் அவ்வளவு பயம். பரீட்சை பேப்பர் வாங்க நிற்கிற பிள்ளையின் முகம். தினமும் என் முன்னால் இப்படித்தான் நின்றிருக்கிறாரா? குடித்தவனுக்கும் அந்தப் பயம் இருக்கும், குடிக்காதவனுக்கும் இருக்கும். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மூக்கு வேலை செய்யவில்லை, நாளைக்கு ஊது என்று சொல்லியிருக்கலாம்.

"பாஸ்," என்றேன்.

அவர் கால் கழுவப் போனார். நான் சமையல்கட்டுக்குப் போய்ச் சொட்டை விழுந்த கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பதினோரு வருடத்தில் செக் பண்ணாமல் ஒரு பீஸைக்கூட விட்டதில்லை.

இப்போது இருப்பது அக்ரிலிக் டேங்க். ஆறு கீறல் இருக்கிறது, எனக்கு எல்லாமே தெரியும். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பொட்டு டேங்க்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் வைக்கிறேன். அவரை ஊதச் சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன். அந்த ஆயுத பூஜை அன்று அவர் குடித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏழு மணிக்குக் குறட்டோடு வந்து நிற்கிறார், டக்கென்று சத்தம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.